புது மிரர்லெஸ் பாடிக்கு மாறலாமா? கடைக்குப் போகுமுன் போடவேண்டிய கணக்கு

ஒரு சனிக்கிழமை மத்தியானம். சாப்பிட்ட கையைக்கூட இன்னும் கழுவவில்லை, தெரிந்த தம்பி ஒருவன் போன் போட்டான்.

"அண்ணே, பெனின்சுலா கேமராக் கடையில நிக்கிறேன். சோனி ஏ7 மார்க் ஃபோர் கையில இருக்கு. பேட்டரி ஒண்ணு சும்மா தர்றேங்கிறாரு. எடுத்துரவா?"

"இப்ப வச்சிருக்கிற மார்க் த்ரீல என்ன சரியா வரல?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பின்னால் யாரோ டிரைபாட் விலை கேட்பது மட்டும் காதில் விழுந்தது.

"அப்படி ஒண்ணும் இல்லண்ணே. 2018-ல வந்ததுல்ல, பழசாயிருச்சு."

"அப்ப கீழ வச்சுட்டு வீட்டுக்குப் போ. ராத்திரி பேசுவோம்."

அன்று ராத்திரி அவனிடம் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் வார நாளில் அலுவலகம், வார இறுதியில் கல்யாணம், அரங்கேற்றம், கோயில் விசேஷம் என்று படம் எடுப்பவன். பாடி என்று நான் சொல்வது லென்ஸ் இல்லாத கேமராவை மட்டும், மிரர்லெஸ் என்றால் உள்ளே கண்ணாடி இல்லாத வகை. சோனிக்காரன் என்பதால் உதாரணங்கள் பெரும்பாலும் சோனியில் வரும். உங்கள் கையில் இருப்பது கேனனோ நிக்கானோ ஃபியூஜியோ, போகிற வழி ஒன்றுதான்.

படி 1: கழித்துப்போட்ட படங்களை எண்ணுங்கள்

நல்ல படங்களைப் பார்த்து இந்த முடிவை எடுக்க முடியாது. லைட்ரூம் மென்பொருளில் நீங்கள் ஒதுக்கித் தள்ளிய படங்களைத்தான் திறக்க வேண்டும். கடந்த ஆறு மாதத்தில் எடுத்த முக்கியமான இரண்டு மூன்று நிகழ்ச்சிகள் போதும். ஒவ்வொரு படத்துக்கும் ஏன் கழித்தேன் என்று ஒரே சொல்லில் காரணம் எழுதுங்கள். சோம்பலாக இருக்கும். ஆனாலும் இந்த ஒரு மணி நேரத்தை விட்டால் மற்ற படிகள் எதுவும் நிற்காது.

நான் ஒரு கல்யாணத்தை இப்படி எண்ணிப் பார்த்தேன். கழிந்தவை 140. அதில் 61 அசைவால் கலங்கியவை. மண்டபத்தில் வெளிச்சம் குறைவு, நான் ஷட்டரை 1/80 விநாடியில் வைத்திருந்தேன், நாதஸ்வரக்காரர் தலையாட்டினாலே போதும், முகம் கரைந்துவிடும். ஃபோகஸ் தவறியவை 34. கண் மூடியது, குறுக்கே ஒரு மாமா கைப்பேசியோடு நுழைந்தது என்று 27. மேடைக்குப் பின்னாலிருந்த எல்இடி திரையால் கோடு கோடாக வந்தவை 18.

ஃபோகஸ் தவறிய 34-ஐ மட்டும் பெரிதாக்கிப் பார்த்தேன். பாதிக்கு மேல் தாலி கட்டும் நேரத்தில் எடுத்தவை. கெட்டிமேளம் முழங்குகிறது, நாலு பக்கமிருந்தும் அட்சதை பறக்கிறது. லென்ஸுக்கும் மணமகளின் முகத்துக்கும் நடுவே மஞ்சள் அரிசி. கேமரா அந்த அரிசியைப் பிடித்துக்கொண்டது. ஒரு படத்தில் ஒரே ஒரு அரிசி அவ்வளவு கூர்மை, அதிலிருந்த மஞ்சள் தூள்கூடத் தெரிகிறது. பின்னால் கல்யாணம் மங்கலாக நடந்துகொண்டிருக்கிறது.

படி 2: காசு செலவில்லாத மருந்தை முதலில் பாருங்கள்

அரிசிப் படத்துக்குக் காரணம் பாடியா என்றால், பாதிதான். நான் ஃபோகஸ் பகுதியை அகலமாக விட்டு வைத்திருந்தேன். அதைவிட மோசம், கேமராவுக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரைத் தொட்டே பார்த்ததில்லை. ஏ7 மார்க் 3-க்கு 2019 ஏப்ரலில் வந்த 3.0 ஃபர்ம்வேரில், ஷட்டரைப் பாதி அழுத்தினாலே கண்ணைப் பிடித்துத் தொடரும் வசதி வந்தது. அதற்குமுன் அதற்கென்று தனியாக ஒரு பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டும். விலங்குகளின் கண்ணைப் பிடிப்பதும் அதே அப்டேட்டில்தான் வந்தது. ஒரு புது மாடலுக்குரிய மாற்றம் அது, இலவசமாக வந்தது, நான் போடாமல் வைத்திருந்தேன்.

எல்இடி கோடுகளுக்கும் மருந்து கையிலேயே இருந்தது. சத்தம் வேண்டாமென்று சைலன்ட் ஷட்டரில், அதாவது எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்திருந்தேன். சிங்கப்பூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் நேராக எரியும் விளக்கு விநாடிக்கு 100 முறை மினுக்கும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, 1/100 அல்லது 1/50-இல் வைத்து, ஆன்டி ஃப்ளிக்கரைப் போட்டால் மண்டப விளக்குத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும். எல்இடி திரைகள் வேறு வேகத்தில் மினுக்குபவை. அதற்கேற்ப ஷட்டரை நுணுக்கமாகத் திருப்பும் வசதி புதிய பாடிகள் சிலவற்றில் உண்டு. உங்கள் தொழிலே அத்தகைய மேடைகள்தான் என்றால் அது ஒரு நியாயமான காரணம். எனக்கு இல்லை.

பெரிய எதிரி அந்த 61 படங்கள். அங்கே பாடியை மாற்றி ஒன்றும் ஆகாது. நான் வைத்திருந்தது எஃப் 4 ஜூம். எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் வழியே வரும் வெளிச்சம் கூடும். அதை எஃப் 1.8 லென்ஸாக மாற்றினால் உள்ளே வரும் வெளிச்சம் ஏறக்குறைய ஐந்து மடங்கு. அதே ஐஎஸ்ஓவில், அதாவது அதே வெளிச்ச உணர்திறனில், 1/80 என்பது 1/400 ஆகிவிடும். 36-க்கு 24 மில்லிமீட்டர் சென்சாரில் விழும் வெளிச்சம் எந்த வருடத்து மாடலிலும் ஒன்றுதான். ஒரு தலைமுறை தாண்டியதால் ஐந்து மடங்கு வெளிச்சம் தரும் சென்சார் எதுவும் கிடையாது. இருட்டில் புள்ளி புள்ளியாகத் தெரிவதுதான் குறை என்றால், 2023 ஏப்ரலில் லைட்ரூமில் வந்த டீநாய்ஸை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பழைய ரா ஃபைலிலும், அதாவது கேமரா பதப்படுத்தாமல் பதிந்த கோப்பிலும் வேலை செய்யும்.

நான் பழைய 85 எம்எம் எஃப் 1.8 ஒன்று வாங்கினேன். பாடி மாற்றும் ஆசை இரண்டு வருடம் தள்ளிப் போயிற்று.

படி 3: அட்டவணையில் எந்த வரி உங்களுக்கானது?

இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறோம். புது மாடலின் தொழில்நுட்ப அட்டவணையில் எல்லா எண்ணும் ஏறியிருக்கும். படி 1-இல் நீங்கள் எழுதிய காரணங்களைத் தீர்க்கும் வரி எது என்று மட்டும் தேடுங்கள்.

மெகாபிக்சலில் தொடங்குவோம். மார்க் 3-இல் 24, 2021 அக்டோபரில் அறிவித்த மார்க் 4-இல் 33. கேட்க மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடியது போல இருக்கும். ஆனால் அகலவாக்கில் 6000 பிக்சல் 7008 ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். 17 விழுக்காடு. பறவை எடுப்பவருக்கு 400 எம்எம் லென்ஸ் 467 எம்எம் போல ஆகும், அதற்கு மேல் இல்லை. ஏ3 அளவில், அங்குலத்துக்கு 300 புள்ளியில் அச்சடிக்க 17 மெகாபிக்சல் சொச்சம் போதும். மாப்பிள்ளை வீட்டார் படத்தை வாட்ஸ்அப்பில்தான் பார்க்கிறார்கள் என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சென்சார் எவ்வளவு வேகமாக வாசிக்கிறது என்பதை அட்டவணையில் பெரும்பாலும் போடமாட்டார்கள். முக்கியமானது அதுதான். எலக்ட்ரானிக் ஷட்டரில் சென்சார் மேலிருந்து கீழாக வரிவரியாக வாசிக்கும். மேல்வரி வாசித்து முடிந்து கீழ்வரி வருவதற்குள் மீன்கொத்தி இறக்கையைப் பாதி அடித்துவிடும், படத்தில் இறக்கை வளைந்து நிற்கும். மார்க் 4-இன் சென்சார் ஒரு முழுப்படத்தை வாசிக்க ஏறக்குறைய 1/15 விநாடி எடுக்கிறது. இறக்கைக்கு அது ஒரு யுகம். 2023-இல் வந்த நிக்கான் இசட்8-இல் ஸ்டாக்டு சென்சார், வேகமாக வாசிக்க அடுக்கடுக்காகக் கட்டியது. வாசிக்கும் வேகத்தால் அதில் மெக்கானிக்கல் ஷட்டரே வைக்கவில்லை. 2024 ஜூனில் வந்த இசட்6 மூன்றாம் தலைமுறையில் பாதி ஸ்டாக்டு. அந்த வேகத்துக்கு ஒரு சின்ன விலையும் உண்டு. குறைந்த ஐஎஸ்ஓவில் படத்தின் நிழல் பகுதியைப் பிறகு வெளிச்சமாக்கிப் பார்த்தால் முந்தைய தலைமுறை கொஞ்சம் சுத்தமாக இருக்கும். புதியது எல்லாவற்றிலும் மேல் என்று நினைக்காதீர்கள்.

கார்டு ஸ்லாட்டைச் சிலர் பொருட்படுத்துவதில்லை. காசு வாங்கிக் கல்யாணம் எடுப்பவர் பொருட்படுத்தியே ஆக வேண்டும். 2018-இல் வந்த நிக்கான் இசட்6-இல் ஒரே ஒரு ஸ்லாட். 2020-இல் வந்த அடுத்ததில் இரண்டு, ஒரு கார்டு கெட்டாலும் மற்றதில் பிரதி இருக்கும். படத் தரம் ஏறக்குறைய அதேதான். ஆனாலும் அந்த ஒரு ஸ்லாட்டுக்காக மாறியவரை நான் குறை சொல்லமாட்டேன். தாலி கட்டுவதை மறுபடி எடுக்க முடியாதே.

வியூஃபைண்டர், திருப்பும் திரை, மெனு எல்லாம் சுகம். சுகத்துக்குக் காசு கொடுக்கலாம், தப்பில்லை. சுகத்துக்குத்தான் கொடுக்கிறோம் என்று தெரிந்திருந்தால் சரி.

என்னை மாற்ற வைத்தது வீடியோ. நாட்டிய அரங்கேற்றத்தில் வர்ணம் என்ற நீண்ட உருப்படி அரை மணி நேரத்தைச் சாதாரணமாகத் தாண்டும். மார்க் 3 ஒரே மூச்சில் ஏறக்குறைய 29 நிமிடம்தான் பதியும், பிறகு தானே நின்றுவிடும். அந்தக் காலத்துக் கேமராக்கள் பலவற்றில் இந்தக் கட்டு உண்டு. அரை மணி நேரத்துக்கு மேல் பதிந்தால் ஐரோப்பாவில் அதை வீடியோ கேமரா என்று கணக்கெழுதிச் அப்போது சுங்க வரி போட்டுவந்தார்கள் என்பதுதான் காரணம். 29 நிமிடக் கட்டு கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. நான்தான் மறந்துபோனேன். டிரைபாடில் வைத்துவிட்டு மேடை ஓரத்தில் ஸ்டில் எடுத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் சிவப்பு விளக்கு இல்லை. சரணமும் கடைசித் தீர்மானமும் போய்விட்டன. ஆறு வருடம் ஆடிப் பழகிய பெண். அவள் அம்மா பிறகு கேட்டார், "அந்தக் கடைசிப் பகுதி வேற கேமராவுல இருக்கும்தானே தம்பி?" எனக்கு வேறு கேமரா இல்லை.

மார்க் 4-இல் அந்தக் கட்டு இல்லை. நிறங்களை இன்னும் நுணுக்கமாகப் பதியும் 10 பிட் வீடியோவும் உண்டு, சிவப்பு மேடை வெளிச்சத்தில் பட்டுப்புடவை திட்டுத்திட்டாகப் பிரியாமல் இருக்க அது உதவுகிறது. ஆனால் 4கே 60 ஃபிரேமில் எடுத்தால் சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தும், காட்சி ஒன்றரை மடங்கு நெருங்கிவிடும். சின்ன அரங்கில் பின்சுவரில் ஒட்டி நின்று எடுக்கும்போதுதான் இது புரியும்.

படி 4: பாடியோடு சேர்ந்து வரும் செலவு

ஃபியூஜி எக்ஸ்-டி3-இலிருந்து எக்ஸ்-டி5-க்குப் போகிறவரின் பழைய பேட்டரிகள் அதில் பொருந்தாது. சோனி மார்க் 3 பேட்டரி மார்க் 4-இல் பொருந்தும். இப்படி ஒவ்வொன்றாகப் பாருங்கள். கார்டு வகை மாறுகிறதா? டிரைபாடில் மாட்டப் பயன்படும் பழைய எல்-பிராக்கெட் சேருமா? சுருக்காத ரா மார்க் 3-இல் 47 எம்பி சுமார், மார்க் 4-இல் 70-ஐ நெருங்கும். ஒரு கல்யாணத்துக்கு 2,500 படம் என்றால் 50 ஜிபிக்கு மேல் கூடுதல். ஹார்ட் டிஸ்க்கை இரண்டு பிரதியாகத்தானே வாங்குகிறோம். 10 பிட் 4கே வீடியோவை வீட்டு லேப்டாப் மூச்சுத் திணறாமல் ஓட்டுகிறதா என்றும் யாரிடமாவது ஒரு மாதிரி ஃபைல் வாங்கிச் சோதித்துவிடுங்கள். கேமராவுக்குப் போய் லேப்டாப்போடு திரும்பிய ஆட்களை எனக்குத் தெரியும்.

படி 5: ஒரு வார இறுதி வாடகைக்கு எடுங்கள்

சிங்கப்பூரில் நாள் வாடகைக்குப் பாடி தரும் கடைகள் இருக்கின்றன. கடைக்குள் நின்று கூரை விளக்கையும் விற்பனையாளர் முகத்தையும் நாலு கிளிக் எடுத்துப் பார்ப்பது சோதனையே இல்லை. உங்களுக்குத் தொல்லை தரும் இடத்துக்கே கொண்டுபோங்கள். தைப்பூச ராத்திரி பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோட்டுக்குப் போகும் காவடியா, தீபாவளி விளக்கில் சிராங்கூன் சாலையா, சுங்கை பூலோ சதுப்பு நிலத்தில் பறவையா, பீஷான் பூங்காவில் நீர்நாய்க் குட்டியா, உங்களுக்குத்தான் தெரியும்.

அதே லென்ஸ், அதே அமைப்பு, இரண்டு பாடியிலும் மாற்றி மாற்றி எடுங்கள். வீட்டுக்கு வந்து ஃபைல் பெயரை மறைத்துவிட்டு, கேமரா தெரியாத ஒருவரிடம் காட்டுங்கள். நான் என் மனைவியிடம் 20 படம் காட்டினேன். 11 படத்தில் பழையதையே நல்லது என்றாள். பிறகு, "இதுக்கா இவ்வளவு நேரம்?" என்றாள். அந்தக் கேள்வி இன்னும் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

படி 6: வெள்ளிக் கணக்கு

வெள்ளி என்பது சிங்கப்பூர் டாலர். புது பாடி விலை, அதோடு கார்டு முதலான கூடுதல் செலவு, அதிலிருந்து பழையதை விற்று வரும் தொகையைக் கழியுங்கள். வருடத்தில் எத்தனை நாள் படம் எடுக்கிறீர்கள் என்பதை மூன்று வருடத்துக்குப் பெருக்கி, அதால் வகுங்கள். உதாரணத்துக்கு, புதியது 3,300 வெள்ளி, கூடுதல் 200, பழையது 1,300-க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கையிலிருந்து போவது 2,200. வருடத்தில் 30 நாள் எடுப்பவருக்கு ஒரு நாளைக்கு 24 வெள்ளி சொச்சம். எட்டு நாள் மட்டும் எடுப்பவருக்கு ஏறக்குறைய 92. இரண்டாமவர் அந்த எட்டு நாளும் வாடகைக்கே எடுத்துக்கொண்டால் என்ன என்று கேட்டுப் பார்க்கலாம்.

விலை விசாரிக்கும்போது 9 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்ததா, இங்கே விற்க வந்த லோக்கல் செட்டா வெளிநாட்டுக்கென்று வந்த எக்ஸ்போர்ட் செட்டா என்று இரண்டையும் வாயால் கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள். எக்ஸ்போர்ட் செட்டுக்கு இங்குள்ள ஏஜென்ட் உத்தரவாதம் பொருந்தாமல் போகலாம். வெளிநாட்டில் மலிவு என்று வாங்கி வருபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளியில் இருந்து திரும்பினால் 500 வெள்ளி வரைதான் ஜிஎஸ்டி சலுகை, அதற்குக் குறைந்தால் 100 வெள்ளி. காலையில் எல்லை தாண்டி ஜோகூர் போய் மாலையில் திரும்பினால் அந்த 100-தான். வேலை அனுமதி அட்டை, எம்ப்ளாய்மென்ட் பாஸ், மாணவர் அட்டை வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சலுகையே கிடையாது. ஊருக்குப் போய்த் திரும்பும் நம்மவர்கள் பலருக்கு இது தெரியாது.

பழையதை விற்பதில் இரண்டு வழி. கரோசெல் இணையச் சந்தையில் விலை கூடுதலாகக் கிடைக்கும், "லாஸ்ட் பிரைஸ் என்ன?" என்று நூறு பேருக்குப் பதில் சொல்லும் பொறுமை வேண்டும். கடையில் கொடுத்து மாற்றினால் விலை குறையும், பத்து நிமிடத்தில் முடியும். அடுத்த மாடல் அறிவித்ததும் பழையதன் விலை சறுக்கும். ஆகவே விற்பதாக முடிவு செய்தால் அறிவிப்புக்கு முன்னால் விற்றுவிடுங்கள். வாங்குவதாக இருந்தால் அதற்குப் பின்னால்.

செகண்ட்ஹேண்ட் வாங்கலாமா? தாராளமாக. என்னுடைய மார்க் 4 செகண்ட்ஹேண்ட்தான். ஆனால் அதற்குமுன் ஒரு தடவை எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் ஒரு தனியாரிடம் ஐந்து நிமிடத்தில் ஒரு பாடியை வாங்கி, வீட்டில் வந்து பார்த்தபோது ஃபிளாஷ் மாட்டும் இடம் செத்துக்கிடந்தது. விற்றவர் எண் அதற்குப் பிறகு எடுக்கப்படவில்லை. 2012 செப்டம்பர் முதல் நடப்பிலிருக்கும் லெமன் சட்டம், அதாவது குறையுள்ள பொருளுக்கு வாங்கியவரைக் காக்கும் சட்டம், கடையில் வாங்கிய பழைய பொருளுக்கும் பொருந்தும். வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் அது முன்பே இருந்ததாகக் கொள்வார்கள், இல்லையென்று காட்டுவது கடைக்காரர் பாடு. தீராவிட்டால் 20,000 வெள்ளி வரையிலான வழக்கைச் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோகலாம். எம்ஆர்டி வாசல் தனியாருக்கு லெமன் சட்டம் பொருந்தாது.

அதனால் இப்போது ஒரு ஃபிளாஷ், இரண்டு கார்டு, ஒரு லென்ஸ் இல்லாமல் பழைய பாடி பார்க்கப் போவதில்லை. இரண்டு ஸ்லாட்டிலும் எழுதிப் பார்ப்பேன். எஃப் 16-இல் வெள்ளைச் சுவரை எடுத்துச் சென்சார் அழுக்கைப் பார்ப்பேன். எல்லா டயலையும் திருப்புவேன். ஷட்டர் எண்ணிக்கை கேட்பேன். மார்க் 3 ஷட்டரைச் சோனி 200,000 முறைக்குச் சோதித்திருக்கிறது, அதை ஒட்டிப் பேரம் பேசலாம். கடைசியாக, "டிரை கேபினட்ல வச்சிருந்தீங்களா?" என்று கேட்பேன், ஈரம் உறிஞ்சும் பெட்டி அது. இந்த ஊர் ஈரப்பதத்தில் அலமாரியில் துணியில் சுற்றி வைத்த லென்ஸில் பூஞ்சை பிடிக்க அதிக நாளாகாது. பிடியிலுள்ள ரப்பர் பிசுபிசுத்தால் அதுவே பதில்.

படி 7: பழையதை விற்கத்தான் வேண்டுமா?

காசுக்கு எடுப்பவர் என்றால் என் யோசனை, விற்காதீர்கள். நான் மார்க் 3-ஐ வைத்துக்கொண்டேன். மார்க் 4 வர்ணத்தைப் பதிகிறது, மார்க் 3-இல் 85 எம்எம் மாட்டி அபிநயம் எடுக்கிறேன். விற்பதாக இருந்தால் கேமராவை ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள், வீட்டு வைஃபை பாஸ்வேர்டு உள்ளே இருக்கிறது. கார்டைக் கழற்ற மறக்காதீர்கள். சிரிக்காதீர்கள், நடந்திருக்கிறது.

தம்பி கதைக்கு வருவோம். அவன் உட்கார்ந்து எண்ணினான். பறவைக்காரன் அவன். கழிந்த படங்களில் பாதிக்கு மேல் வளைந்த இறக்கை. பறவை பயந்துவிடும் என்று எப்போதும் சைலன்ட் ஷட்டரில் எடுத்திருக்கிறான். அன்று பெனின்சுலாவில் கையில் வைத்திருந்த மார்க் 4-இலும் அதே இறக்கை வளைந்துதான் வந்திருக்கும். மெக்கானிக்கலுக்கு மாற்றினான். விநாடிக்கு 10 படம் அதிலும் வருகிறது, பறவைகள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லையாம். மீதியில் நிறைய, கிளைகளுக்கு நடுவே ஃபோகஸ் போனவை. பறவைக் கண்ணைப் பிடிக்கும் வசதி மார்க் 3-இல் இல்லை, 4-இல் இருக்கிறது. அது நியாயமான காரணம்தான் என்று சொல்லி, வாங்குமுன் ஒரு நாள் வாடகைக்கு எடுக்கச் சொன்னேன்.

சனிக்கிழமை எடுத்துக்கொண்டு சுங்கை பூலோ போனான். காலையிலிருந்து மழை. ஒரு உடும்பு மட்டும் வந்ததாம், அதன் கண்ணைக் கேமரா பிடிக்கவில்லையாம். அடுத்த வாரம் மறுபடி எடுக்கப் போகிறான்.